டாஸ்க்பாரில் அமரர்கள்

கணினித் திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை கிடக்கும். டாஸ்க்பார் என்பார்கள். எதைத் திறந்தாலும் அதற்கென்று ஒரு பொத்தான் அந்தப் பட்டையில் வந்து உட்காரும். திறந்த ஒழுங்கிலேயே உட்காரும். மூடினால் போய்விடும். மூடாமல் கீழே இறக்கிவிட்டால் திரையிலிருந்து மறையுமே தவிரப் பட்டையில் இருந்துகொண்டே இருக்கும். எது திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும். திறந்திருப்பதற்குள் என்ன இருக்கிறது என்பது அதன் பொறுப்பு அல்ல. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே இந்த வித்தியாசம் உறைக்க ஒரு கல்வெட்டுப் புத்தகம் தேவைப்பட்டது.

மானிப்பாயில் ஒரு சின்ன அச்சுக்கடையில் நான் பக்கம் கட்டுகிறவள். கல்யாணக் காட், பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீட்டு அழைப்பிதழ், ரியூசன் நோட்டீஸ் எல்லாம் செய்வோம். ஆனாலும் கடை ஓடுவது கல்வெட்டால்தான். பெயரைக் கேட்டுவிட்டு உளியும் கல்லும் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக் கிருத்தியத்துக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே பஞ்சபுராணப் பாடல்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல், அதன் பிறகு வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல்.

புலம்பல்களைப் பெரும்பாலும் நான்தான் எழுதுவேன். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக ஒரே மத்தியானத்தில் மனைவியாகவும் மகனாகவும் பேத்தியாகவும் அழுதிருக்கிறேன். கண்ணில் ஒரு சொட்டு வந்ததில்லை. எதுகை ஒழுங்காக விழுகிறதா, பக்கத்துக்குள் அடங்குகிறதா என்பதுதான் என் கவலை. இதைக் கேட்டுச் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சவப்பெட்டி செய்கிறவர் ஒவ்வொரு பெட்டிக்கும் அழுதுகொண்டிருந்தால் பலகை வெட்டுவது யார்?

ஆட்கள் உண்மையில் படிப்பது வம்சாவளியை. குடும்பத்தைப் பெட்டி பெட்டியாகக் கோடு இழுத்துக் காட்டுகிற பக்கம் அது. மேலே பேரன் பேத்தி கண்ட பழைய ஆட்கள், நடுவில் இறந்தவர், கீழே பிள்ளைகள், அவர்களின் துணைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார்கள். புலம்பலில் நாலு வரி குறைந்தால் ஒருவருக்கும் தெரியாது. வம்சாவளியில் ஒரு பெட்டி குறைந்தால் இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் போகும். ஆகவே அந்தப் பக்கத்தில் நான் பிழை விடமாட்டேன் என்று ஊருக்குள் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு கல்வெட்டு ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. படம் லண்டனில் இருந்து வரவேண்டும், வரலாறு எழுதித் தருகிற ஆசிரியர் காய்ச்சலில் படுத்திருப்பார், மருமகனின் பட்டத்தை எப்படிப் போடுவது என்று மூன்று வீட்டில் யோசிப்பார்கள். அதற்குள் அடுத்த சாவீட்டுக்காரர் வந்துவிடுவார். எந்த நேரமும் ஐந்தாறு புத்தகங்கள் என் திரையில் திறந்தபடி கிடக்கும். ஒருவருக்கு ஒரு வரி சேர்த்து, அவரைக் கீழே இறக்கிவிட்டு, மற்றவரை மேலே எடுப்பேன்.

இதில் முதலாளியின் ஒரு பிடிவாதம் இருந்தது. இறந்தவரை வெறும் பெயரால் குறிப்பிடக்கூடாது என்பது அவர் கொள்கை. கணினியில் சேமிக்கிற கோப்புக்குக்கூட ‘அமரர்’ என்று முன்னால் போட்டுத்தான் பெயர் வைக்கவேண்டும்.

“செத்த மனிசனுக்கு ஒரு மரியாதை இருக்கெல்லோ பிள்ளை. மொட்டையாப் போடாதை.”

“இது ஆக்கள் பாக்கிற இடம் இல்லை. நான் மட்டும்தான் பாக்கிறது.”

“நீ பாக்கிறாய்தானே?”

அதற்கு மேல் அவருடன் வாதாட முடியாது. பட்டையில் உள்ள பொத்தானுக்கோ முதல் ஐந்தாறு எழுத்துக்கு மேல் காட்ட இடம் இல்லை. மிச்சத்தை வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும். ஆகவே என் திரையின் அடியில் அமரர், அமரர், அமரர் என்று ஒரே மாதிரி ஆறு பொத்தான்கள் வரிசையாக நிற்கும். யார் எவர் என்று எழுத்தில் தெரியாது. இடத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிப்பேன். முதலாவது சண்டிலிப்பாய் ஆசிரியர், இரண்டாவது சங்கக்கடை மனேஜர், மூன்றாவது இரட்டைப் பிள்ளைகளின் தாய். நடுவில் ஒருவரை மூடினால் மற்றவர்கள் இடப்பக்கமாக நகர்ந்து அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள். அதையும் மனத்தில் வைத்துக்கொள்வேன்.

பிறகு முதலாளி புதுக் கணினி வாங்கினார். அதில் பட்டையின் போக்கே வேறு. ஒரே மென்பொருளில் எத்தனை புத்தகம் திறந்தாலும் எல்லாவற்றையும் ஒரே சின்னத்துக்குள் அடுக்கிவிடும். அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால், நான் எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஒவ்வொன்றின் அட்டையைத்தான் சின்னப் படமாக வரிசையில் காட்டும். முதல் கிழமை எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று புள்ளிக்குப் பதிலாக முகங்கள் தெரிந்தன. திருநீறு பூசிய நெற்றி, கறுப்புக் கோட், பட்டுச் சேலை என்று பார்த்தவுடன் அடையாளம் பிடிபட்டது. பெயரைவிட முகம் நல்லது என்று நினைத்தேன். ஒரே முகத்துக்கு இரண்டு கோப்பு இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

அந்த முகம் ஓய்வுபெற்ற ஒரு புகையிரத நிலைய அதிபருடையது. பன்னிரண்டாம் நாள் அவருடைய மனைவியும் கனடாவில் இருந்து வந்திருந்த மூத்த மகனும் கடைக்கு வந்தார்கள். மகனுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அளந்து கதைக்கிற மனிதர். தாய், கொப்பித் தாளில் தன் கையெழுத்தில் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருந்தார். மகன், மூத்த மகள், இளைய மகள். முதல் இரண்டு பேருக்கும் துணையின் பெயரும் பிள்ளைகளின் பெயரும் இருந்தன. இளைய மகளின் பெயர் மட்டும் தனியே இருந்தது.  ஏன் என்று நான் கேட்கவில்லை. மூன்று பெட்டி கட்டினேன்.

மகன் இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்து மாதிரிப் பிரதியைக் கேட்டார். வம்சாவளிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். என் மேசையில் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து மூன்றாவது பெட்டியின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

“உதை எடுத்துவிடுங்கோ அக்கா.”

“இவவும் பிள்ளைதானே தம்பி?”

“பிள்ளைதான். பேர் வேண்டாம்.”

அவர் போன பிறகு முதலாளி எனக்கு விளங்கப்படுத்தினார். இளைய மகள் பதினொரு வருடத்துக்கு முதல் குருநகர்ப் பக்கத்து வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெடியனைக் கட்டிக்கொண்டு போனவளாம். அதன் பிறகு வீட்டில் ஒருவரும் அவளோடு கதைப்பது இல்லையாம். தகப்பனின் செத்தவீட்டுக்கு வந்து தெருவில் நின்றுவிட்டுப் போனாளாம். எனக்கு இவை தேவையில்லாத விவரங்கள். கோப்பின் பெயர் முடிவில் ‘2’ என்று போட்டு வேறாகச் சேமித்தேன். அதில் மூன்றாவது பெட்டியை அழித்து, மற்ற இரண்டையும் நடுவுக்குத் தள்ளினேன். வரலாற்றில் ‘மூன்று பிள்ளைகள்’ என்றிருந்ததை ‘இரண்டு பிள்ளைகள்’ ஆக்கினேன். முன்னையதை மட்டும் நீக்கவில்லை. முப்பத்தோராம் நாள் கழியும் வரைக்கும் நான் எதையும் நீக்குவதில்லை. சாவீட்டுக்காரர் மனம் எந்த நேரத்தில் மாறும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது கோப்பின் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சரி என்று மகன் பதில் போட்டார்.

இருபத்தேழாம் நாள் காலை பதினொரு மணி போல ஒரு பெண் ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றாள். புகையிரத நிலைய அதிபரின் புத்தகம் இங்கேதானே செய்வது என்று கேட்டாள்.

“ஓம். நீங்கள்?”

“நான் அவற்ரை கடைசி மகள். என்ரை பேர் இருக்கோ அக்கா?”

இந்தக் கேள்வியை எதிர்பார்க்காதது என் மடைத்தனம். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். தெரிந்த விஷயத்தை இன்னொரு தரம் கேட்கிறவர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

“போடேலாதோ? சின்னனா எண்டாலும் காணும்.”

“வேலை தந்த ஆக்கள் சொன்னபடிதான் நாங்கள் செய்யலாம், தங்கச்சி. நாங்களாக் கூட்டவும் ஏலாது, குறைக்கவும் ஏலாது.”

கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். ஒருவருக்கு இரங்கினால் நாளைக்கு ஒன்பது பேர் வந்து நிற்பார்கள் என்பது என் எண்ணம். அவள் கோபிக்கவில்லை. போகவும் இல்லை.

“முதல்லையே இல்லையோ, பிறகு எடுத்ததோ?”

“அம்மா எழுதித் தந்த தாளிலை இருந்தது.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று பட்டது. அவள் ஹெல்மெட்டைக் கதிரையில் வைத்தாள்.

“அம்மாவே எழுதினவா?”

“ஓம்.”

“அதை ஒருக்கால் பாக்கலாமோ அக்கா?”

தாளை அந்த அம்மாவிடமே அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் பழைய கோப்பு இருந்தது. அதைத் திறந்து வம்சாவளிப் பக்கத்தைக் காட்டினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். மூன்றாவது பெட்டியின் கிட்ட விரலைக் கொண்டுபோனாள், திரையைத் தொடவில்லை. இரண்டு தரம் வாசித்தாள். நாலு எழுத்துப் பெயரை வாசிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அடித்தது. கனடா மகன். நான் அவசரமாகத் திரையில் அந்தக் கோப்பின் யன்னலைக் கீழே இறக்கிவிட்டு அழைப்பை எடுத்தேன். ஏன் இறக்கினேன் என்று தெரியாது. அவர் என்ன, தொலைபேசிக்குள்ளால் பார்க்கவா போகிறார்?

“அக்கா, நன்றி நவிலலிலை வெளிநாட்டிலை இருந்து கோல் எடுத்து அனுதாபம் சொன்ன ஆக்களையும் சேர்த்துவிடுங்கோ. சேர்த்துப்போட்டு நேரை பிரஸ்ஸுக்கு அனுப்புங்கோ. எனக்குத் திரும்ப அனுப்பத் தேவையில்லை.”

அவர் உரத்துக் கதைக்கிறவர். கடை முழுக்கக் கேட்டது.  நான் கைபேசியை வைத்த பிறகு அவள் ஹெல்மெட்டை எடுத்தாள்.

“அண்ணையின்ரை குரல் தடிச்சுப்போச்சு,” என்றாள். “போட்டுவாறன் அக்கா.”

அவள் போனதும் நான் பட்டையில் அந்தச் சின்னத்தின் மேல் சுட்டியை வைத்தேன். அட்டைகள் வரிசையாக விரிந்தன. புகையிரத நிலைய அதிபர் இரண்டு இடத்தில் இருந்தார். அதே படம், அதே கறுப்புக் கோட், அடியில் அதே ‘அமரர்’, அதே மூன்று புள்ளி. பெயரின் வால்தான் வேறு, அதைத்தான் பட்டை வெட்டிவிட்டதே. நான் ஒன்றை அழுத்தினேன். நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வெளிநாட்டு ஆட்களுக்கு ஒரு வரி சேர்த்தேன். அச்சுக்கு ஏற்ற கோப்பாக மாற்றி, யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அடித்துத் தருகிற அச்சகத்துக்கு அனுப்பினேன். எல்லாம் ஐந்து நிமிடம். எந்தப் படத்தை அழுத்தினேன் என்று பார்க்கவில்லை. என் மனம் அந்தப் பிள்ளை சொன்னதில் நின்றது. ஒரு குரல் தடிப்பதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அச்சகம் முந்நூறு புத்தகத்தையும் நேரே சாவீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கியது. வழக்கம்போல எங்களுக்கு இரண்டு பிரதி அனுப்பியது. அது முப்பத்தோராம் நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்தது. பழக்கதோஷத்தில் வம்சாவளியை விரித்தேன். மூன்று பெட்டி இருந்தது.

 மற்றப் பிரதியையும் விரித்துப் பார்த்தேன், ஏதோ அதில் இரண்டு பெட்டி இருக்கப்போவதுபோல. வரலாற்றைப் பார்த்தேன், ‘மூன்று பிள்ளைகளின் பாசமிகு தந்தை’. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என்ன பிள்ளை செய்துபோட்டாய்?”

“யன்னல் மாறிப்போச்சு.”

“எந்த யன்னல்?”

விளங்கப்படுத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கினாலும் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிச் சடங்கு முடிந்திருக்கும், வீட்டில் கிருத்தியமும் மத்தியானச் சாப்பாடும் முடிந்திருக்கும். முந்நூறு புத்தகமும் வெற்றிலை பாக்கோடு சேர்ந்து ஊரெல்லாம் போயிருக்கும். நான் மகனின் அழைப்புக்காகக் காத்திருந்தேன். அவர் ஏசுவார், கேட்டுக்கொண்டிருக்கவேண்டியதுதான் என்று மனத்தைத் தயார்ப்படுத்தினேன். அழைப்பு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏசாமல் இருப்பது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

அந்த இரண்டு நாளில் பட்டையின் அமைப்பைத் தேடிப் பிடித்து மாற்றினேன். ஒவ்வொரு யன்னலுக்கும் தனித்தனிப் பொத்தான், ஒன்றோடொன்று சேர்க்கக்கூடாது என்று ஒரு தெரிவு இருக்கிறது. அது முதல் நாளில் இருந்தே அங்கே இருந்திருக்கிறது. கோப்பின் பெயரிலும் ஊரையும் ஆளையும் முன்னுக்குப் போட்டு, ‘அமரர்’ என்பதைப் பின்னுக்குத் தள்ளினேன். முதலாளி பார்த்தார், இந்தத் தரம் மரியாதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. இளைய மகள் கையில் ஒரு துணிப்பைக்குள் கல்வெட்டைச் சுற்றிவைத்துக்கொண்டு வந்தாள். அவளைக் கிருத்தியத்துக்குக் கூப்பிடவில்லை. சாப்பாட்டுக்குப் போன ஓர் உறவுக்காரி தன் பிரதியை இவளிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள் சிரித்தபடி வந்தாள். போன தரம் பார்த்த ஆள் மாதிரியே இல்லை.

“அண்ணைதானே அக்கா போடச் சொன்னவர்?”

நான் வாயைத் திறக்க முதலே அவள் தொடர்ந்தாள்.

“எனக்குத் தெரியும். அவர் வெளியிலை காட்டமாட்டார். இண்டைக்குப் பின்னேரம் வீட்டை போகப்போறன். பிள்ளையள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அண்ணை ஞாயிற்றுக்கிழமை போறாராம், அதுக்கு முதல் பிள்ளையளைக் காட்டவேணும்.”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். சொன்னால் அவள் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்ல உடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு, பதினொரு வருடம் மிதிக்காத வீட்டுப் படலை வாசலில் போய் நிற்பாள். கதவைத் திறக்கிற மனிதர் சிவப்புப் பேனையால் கோடு போட்டவர். அந்தக் காட்சியை நினைத்ததும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

“இல்லைத் தங்கச்சி. அது என்ரை பிழை.”

கதிரையில் இருத்தி, திரையில் செய்து காட்டினேன். இரண்டு யன்னல், ஒரே படம், நீ வந்து நின்ற நேரம் நான் திறந்தது இது, இறக்கிவிட்டது இது, பிறகு தெரியாமல் எடுத்ததும் இதுதான் என்று. பாடம் கேட்கிற பிள்ளை மாதிரிக் கவனமாகக் கேட்டாள்.

“அப்ப ஒருத்தரும் சொல்லேல்லை.”

“இல்லை.”

“அண்ணை உங்களுக்குக் கோல் எடுத்து ஏசினவரோ?”

“இல்லை. ஒண்டும் கதைக்கேல்லை.”

“நான் வந்திராட்டி உது நடந்திராது, என்ன?”

 அவள் புத்தகத்தைத் திரும்பவும் துணிப்பைக்குள் வைத்தாள். மடிப்பு விழாமல் வைத்தாள்.

“பரவாயில்லை அக்கா. உங்களுக்கு என்னாலை பேச்சு விழாட்டிச் சரி.”

என்னைப் பற்றி அவள் கவலைப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று பின்னேரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ ஒருவரின் பேரப்பிள்ளைகள் புலம்பலை எழுத உட்கார்ந்து, நாலு வரி எழுதி, நாலையும் அழித்தேன். அவளுக்காக வருந்தினேன். உண்மையைச் சொன்னது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். ஆனால் அவள் சிரிப்பு நின்றுபோன இடத்தைப் பார்த்தவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை கனடா மகன் வந்தார். கையில் புத்தகம் இருந்தது. முதலாளி அவரைக் கண்டதும் பேப்பர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மகன் என் எதிரில் கதிரையில் இருந்தார்.

“வம்சாவளியிலை மூண்டு பெட்டி இருக்கு.”

“ஓம் தம்பி. என்ரை பிழை. நீங்கள் எடுக்கச் சொன்னதை நான் எடுத்தனான். பிறகு பழைய கோப்பை மாறி அனுப்பிப்போட்டன். மன்னிக்கவேணும்.”

தங்கை வந்ததைச் சொல்லவில்லை. அவள் தலையில் இதைக் கட்ட எனக்கு விருப்பம் இல்லை. பட்டையில் இரண்டும் எப்படி ஒரே மாதிரித் தெரிந்தன என்று மட்டும் காட்டினேன். அவர் பார்த்தார்.

“உது எனக்கும் நடந்திருக்கு. நானும் கொம்பியூட்டரிலைதான் வேலை. ஒருத்தருக்குப் போகவேண்டிய ரிப்போட் மற்ற ஆளுக்குப் போனது.”

அவ்வளவுதான் ஏச்சு. புத்தகத்தை மேசையில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நான் பிரிச்சுப் பாக்க முதலே பெரியப்பா பாத்திட்டார். பந்தியிலை எல்லாருக்கும் முன்னாலை எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சார். நல்ல காரியம் செய்தாய் தம்பி, கொப்பர் இருந்திருந்தாச் சந்தோசப்பட்டிருப்பார் எண்டார். பிறகு ஒவ்வொருத்தரா வந்து சொல்லிச்சினம். நான் என்ன சொல்லுறது? பிழையா அடிச்சுப்போட்டாங்கள் எண்டு சொல்லுறதோ?”

“அம்மா என்ன சொன்னவா?”

“அம்மா ஒண்டும் சொல்லேல்லை. என்னைப் பாத்துக்கொண்டு இருந்தவா.”

 பிறகு அவர் வந்த காரியத்தைச் சொன்னார். கனடாவில் உள்ள உறவினருக்குக் கொடுக்க நூறு புத்தகம் தேவை. கொண்டுபோகப் பாரம், அங்கேயே அடிக்கலாம், கோப்பைத் தந்தால் போதும்.

நான் இரண்டு கோப்பையும் திறந்தேன். வம்சாவளிப் பக்கத்தை இரண்டிலும் எடுத்து, திரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒன்றில் இரண்டு பெட்டி நடுவில். மற்றதில் மூன்று.

“எதைத் தர தம்பி?”

அவர் முன்னுக்குக் குனிந்து பார்த்தார். எனக்கு எந்தப் பக்கமும் சொல்ல உரிமை இல்லை, சொல்லவும் இல்லை. 

“அடிச்சதையே தாங்கோ,” என்றார். “இஞ்சை ஒண்டு, அங்கை ஒண்டு எண்டு இருக்கப்படாது.”

மற்றதை மூடினேன். அவர் எழும்பவில்லை. இன்னும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஏன் தனிய நிக்குது?”

“அம்மாவின்ரை தாளிலை இவவின்ரை பேர் மட்டும்தான் இருந்தது.”

“மாப்பிள்ளையின்ரை பேரையும் போடுங்கோ.” பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி எவ்வளவு காலமோ. நான் ஒரு பெட்டி கட்டி அடித்தேன்.

“முதலெழுத்து?”

இது நான் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி. தகப்பன் பெயரின் முதலெழுத்து இல்லாமல் வம்சாவளியில் ஒரு பெயரும் போகாது. அவருக்குத் தெரியவில்லை.

“பிள்ளையளின்ரை பேர்?”

அவர் என்னைப் பார்த்தார். அதுவும் தெரியவில்லை. எத்தனை பிள்ளை என்றே அவருக்குத் தெரியாது என்று முகத்தில் எழுதியிருந்தது. எனக்கு இரண்டு என்று தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அவர் கைபேசியை எடுத்துத் தாயை அழைத்தார். பேனை பிடிக்க வசதியாக அதை மேசையில் ஸ்பீக்கரில் வைத்தார்.

“அம்மா, தங்கச்சியின்ரை நம்பர் ஆரிட்டையாவது கேட்டுச் சொல்லேலுமோ?”

தாய் யாரிடமும் கேட்கவில்லை. கொப்பி தேடவும் இல்லை. பத்து இலக்கத்தையும் மூச்சுவிடாமல் சொன்னார். மகனின் பேனை பாதியில் நின்றுவிட்டது.

“உங்களுக்கு நம்பர் பாடமோ?”

“எழுதிக்கொண்டியோ?” என்றார் தாய். “திரும்பச் சொல்லுறன், எழுது.”

இரண்டாம் தரம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகன் கல்வெட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். எழுதியதை ஒரு நிமிடம் பார்த்தபடி இருந்தார். பிறகு ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். ஸ்பீக்கரை நிறுத்த மறந்துவிட்டார். நான் எழுந்து வெளியே போயிருக்கவேண்டும், போகவில்லை.

“ஹலோ,” என்றது அவள் குரல். “ஆர் கதைக்கிறது?”

 அவள் இன்னொரு தரம் கேட்டாள்.

“நான் அண்ணை,” என்றார். “உன்ரை பிள்ளையளின்ரை பேரைச் சொல்லு. வம்சாவளியிலை போடவேணும்.”

 அழைப்பு அறுந்துவிட்டதோ என்று அவர் கைபேசியின் திரையைப் பார்த்தார். அறுபடவில்லை. நான் அவள் பெட்டிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டு, கையை விசைகளில் வைத்தபடி இருந்தேன்.